ஒரு எட்டு என்றால் 8 ஓட்டை: பழைய கேமராவில் ஃபிரேம் இடைவெளி ஏன் தவறுகிறது?

கழுவி வந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முதல் ஐந்து படங்கள் ஒழுங்காக நிற்கின்றன. ஆறும் ஏழும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எட்டாவது படத்துக்கு முன்னால் விரற்கடை அகலத்துக்கு வெறும் ஃபிலிம். லென்ஸ், ஷட்டர், மீட்டர் எல்லாம் நன்றாக இருக்கும் கேமராவிலும் இது வரும். 'கியர் தேய்ந்துபோச்சு' என்று உடனே முடிவுகட்டி அடித்தட்டைக் கழற்றுகிறவர்கள் நிறைய. பல நேரம் கோளாறு கியரில் இருப்பதே இல்லை. எங்கே இருக்கிறது என்பதை அந்த நெகட்டிவே சொல்லிவிடும். ஸ்க்ரூடிரைவரைத் தேடும் முன் ஒரு ஸ்கேலைத் தேடுங்கள்.

அளக்க வேண்டியது எதை?

35 மி.மீ. ஃபிலிம் முதலில் சினிமாவுக்காக வந்தது. சினிமா கேமராவில் அது மேலிருந்து கீழே ஓடும். ஃபிலிமின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள் உண்டு; ஒரு ஃபிரேமுக்கு 4 ஓட்டை. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் அதே ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, ஃபிரேமை இரட்டிப்பாக்கினார். 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா வழியாக அந்த 24×36 மி.மீ. அளவுதான் உலகம் முழுக்கப் பரவியது. இரட்டிப்பு என்பதால் ஒரு படத்துக்கு 8 ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை தூரம் 4.75 மி.மீ.; எட்டால் பெருக்கினால் 38 மி.மீ. படம் 36 மி.மீ. எடுத்துக்கொள்ள, மிச்சம் 2 மி.மீ. இடைவெளி.

'அங்கே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா' என்கிறோமே, லீவரை ஒருமுறை இழுத்தால் ஃபிலிம் வைப்பதும் அப்படி ஓர் எட்டுதான். அந்த எட்டின் நீளம் 8 ஓட்டை என்பது தமிழுக்கு வாய்த்த வசதி. ஒரு படத்தின் இடது விளிம்பிலிருந்து அடுத்த படத்தின் இடது விளிம்பு வரை உள்ள தூரத்தைக் கீழே 'எட்டு' என்றே சொல்கிறோம். எண்ணைச் சொல்லும் இடத்தில் 8 என்று இலக்கத்தில் எழுதுகிறோம்.

அளக்க வேண்டியது இந்த எட்டை. இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆளை ஏமாற்றும். படத்துக்குச் சட்டமிடும் ஜன்னல் ஃபிலிமை ஒட்டியே இருப்பதில்லை; மயிரிழை முன்னால் இருக்கிறது. வைட் லென்ஸ் போட்டால் ஓரத்துக் கதிர்கள் சாய்வாக வந்து அந்த மயிரிழை தூரத்தில் விரிந்துவிடும். படம் கொஞ்சம் அகலமாகி இடைவெளி சுருங்கும். டெலி லென்ஸில் அவ்வளவு விரியாது. ஒரே ரோலில் 28 மி.மீ. லென்ஸும் 135 மி.மீ. லென்ஸும் மாற்றி மாற்றிப் போட்டால் இடைவெளிகள் கூடியும் குறைந்தும் தெரியும். எட்டு எங்கும் கிட்டத்தட்ட 38-தான் இருக்கும். அது கோளாறு இல்லை. இருட்டில் எடுத்த படத்துக்கு விளிம்பே தெரியாது, அதனால் அதன் பக்கத்து இடைவெளி பெரிதாகத் தோன்றும். அதுவும் கோளாறு இல்லை.

அளப்பவர் ஒருவர், சுருட்டுபவர் ஒருவர்

ஜவுளிக்கடையில் ஒருவர் கோலில் துணியை அளந்துவிட, பக்கத்தில் இன்னொருவர் சுருட்டிக்கொண்டே போவார். கேமராவுக்குள் நடப்பதும் அதுதான். அளப்பது ஸ்ப்ராக்கெட், அதாவது ஃபிலிம் ஓட்டையில் மாட்டும் பற்களுள்ள உருளை. பெரும்பாலான கேமராக்களில் அதற்குச் சுற்றிலும் 8 பல். ஒரு முழுச் சுற்று வந்ததும் ஒரு பூட்டுக்கொக்கி விழுந்து நிறுத்திவிடும். சுருட்டுவது டேக்-அப் ஸ்பூல்.

இந்தச் சுருட்டுகிறவரிடம் ஒரு சிக்கல் உண்டு. ஃபிலிம் சேரச் சேர அவர் பருத்துக்கொண்டே போகிறார். ஸ்பூலின் விட்டம் 15 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 47 மி.மீ. ஃபிலிமை இழுக்கும். 22 மி.மீ. ஆனதும் அதே ஒரு சுற்று 69 மி.மீ. இழுக்கும். அளப்பவர் விடுவதோ எப்போதும் 38-தான். இந்த முரண் தீர, ஸ்பூலுக்குள் வழுக்கும் கிளட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள். தேவைக்கு மேல் இழுக்க நேர்ந்தால் அது வழுக்கிக்கொடுக்கும். கிளட்ச் இறுகினால் ஃபிலிமின் ஓட்டை கிழியும். தளர்ந்தால் ஃபிலிம் தொய்ந்து பல்லைவிட்டு எழும்பும்.

எண்காட்டியை நம்பிப் பயனில்லை. பல கேமராக்களில் அது லீவர் அடித்த தடவையை எண்ணுமே தவிர, ஃபிலிம் நகர்ந்ததை எண்ணாது. 36 வரை ஒழுங்காக எண்ணி முடித்த கேமராவுக்குள் ஃபிலிம் ஒரு அங்குலம்கூட நகராமல் இருந்திருக்கலாம்.

நெகட்டிவ் சொல்லும் சாட்சி

நெகட்டிவை ஒரு வெள்ளைத் திரைமேல் பரப்பி, ஒவ்வொரு எட்டையும் மி.மீ.-இல் எழுதுங்கள். பக்கத்திலேயே எத்தனை ஓட்டை என்றும் எழுதுங்கள். அந்த ஓட்டைக் கணக்குதான் உயிர்.

சரியான எட்டு 38. தவறிய இடங்களில் 33.25, 42.75 என்று முழு ஓட்டைக் கணக்காகவே தவறியிருந்தால், ஸ்ப்ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஃபிலிம்தான் பல்லிலிருந்து எழும்பி ஓர் ஓட்டை தாண்டி உட்கார்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வழியாக ஓட்டைகளின் ஓரத்தைப் பாருங்கள்: நசுங்கல், சின்னக் கீறல், கிழிசல் இருக்கும். காரணம் ஃபிலிம் மாட்டிய விதம், தளர்ந்த கிளட்ச், அல்லது ஃபிலிம் சுருண்டிருக்கும் டப்பாவான கேசட் அதை இறுக்கிப் பிடிப்பது.

36.1, 39.4, 37.2 என்று பாதி ஓட்டை, கால் ஓட்டைக் கணக்கில் தாறுமாறாகத் தவறினால் கதை வேறு. ஃபிலிம் பல்லில்தான் இருந்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றிருக்கிறது. சந்தேகம் பூட்டுக்கொக்கிமேலும், இறுகிப்போன பழைய கிரீஸ்மேலும், ரீவைண்ட் பட்டன்மேலும் (ஃபிலிமைக் கேசட்டுக்குள் திரும்பச் சுற்றுவதற்காக ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிவிடும் பட்டன்) போக வேண்டும். இங்கே பிழைக்கு இடமே குறைவு என்பதையும் கவனியுங்கள். ஸ்ப்ராக்கெட் பாதிப் பல் முன்னதாக நின்றால் 2.4 மி.மீ. குறைகிறது. இடைவெளியே 2 மி.மீ.-தான். ஆகவே பாதிப் பல் தவறினாலே படங்கள் ஏறிவிடும்.

எட்டு சிறுகச் சிறுகக் கூடிக்கொண்டே போய், கடைசிப் படங்களுக்கு நடுவே பெரிய வெற்றிடம் விழுந்தால், அளப்பவர் வேலையிலேயே இல்லை என்று அர்த்தம். ஸ்ப்ராக்கெட் கழன்ற நிலையில் சும்மா சுற்ற, பருத்துக்கொண்டே போகும் ஸ்பூல்தான் ஃபிலிமை இழுத்திருக்கிறது. ரீவைண்டுக்காக அழுத்தும் கீழ்ப்பட்டன் மேலே எழும்பாமல் மாட்டிக்கொண்ட கேமராவின் கையெழுத்து இது. ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுக்க வழிவைத்த கேமராக்களில் அந்தச் சின்ன லீவர் பாதியில் நின்றாலும் இதே விளைவுதான்.

முதல் இரண்டு மூன்று படங்கள் மட்டும் கோணல் என்றால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். மாட்டிய கையைச் சந்தேகியுங்கள். கடைசி ஒரு படம் மட்டும் முந்தையதன்மேல் ஏறியிருந்தால், ஃபிலிம் முடிந்த பிறகும் 'இன்னும் ஒண்ணு வரும்' என்று லீவரைப் பாதி இழுத்திருக்கிறீர்கள். அது எல்லாக் கேமராவிலும் வரும்.

1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் போன்ற அரை ஃபிரேம் கேமராவில் எட்டு என்பது 4 ஓட்டை, 19 மி.மீ. அங்கே ஓர் ஓட்டை தாண்டினால் கால் படம் போய்விடும்.

ஒரு வெள்ளோட்டம்

காலாவதியான ரோல் ஒன்றைப் பலி கொடுத்துவிடுங்கள். அதே ரோலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

முதலில் ஃபிலிம் இல்லாமல். பின்கதவைத் திறந்து, ஸ்ப்ராக்கெட் தண்டின் நடுவில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேரே கேமரா உடம்பில் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றை ஒட்டி, அதில் பேனாவால் ஒரு கோடு. லீவரை இழுத்து ஷட்டரை அடிக்க வேண்டும்; பதினைந்து இருபது தடவை. 8 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் ஒவ்வொரு முறையும் புள்ளி அதே கோட்டுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். மெதுவாக இழுத்தால் சரியாக நின்று, வேகமாக இழுத்தால் தாண்டிப் போகிறதா? கொக்கி விழத் தாமதமாகிறது. ஸ்பிரிங் சோர்ந்திருக்கும், அல்லது கிரீஸ் பசையாகியிருக்கும். நின்ற பிறகு விரலால் தள்ளினால் ஸ்ப்ராக்கெட் முன்னும் பின்னும் ஆடுகிறதா? துளி ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு. அரைப் பல் அளவுக்கு ஆடினால் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை.

அடுத்தது கிளட்ச். டேக்-அப் ஸ்பூலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு லீவரை இழுங்கள். ஸ்பூல் விரலுக்குள் ஓரளவு முரண்டுபிடித்து வழுக்க வேண்டும்; ஸ்ப்ராக்கெட் தன்பாட்டுக்குச் சுற்ற வேண்டும். பூ மாதிரி பிடித்தாலே ஸ்பூல் நின்றுவிடுகிறது என்றால் கிளட்சில் பலம் இல்லை. எவரோ முன்பு எண்ணெய் விட்டிருக்கலாம். உராய்வை நம்பி வேலை செய்யும் பாகத்துக்கு எண்ணெய்தான் எதிரி.

பிறகு அந்தப் பழைய ரோலை மாட்டுங்கள். கதவைச் சாத்தி ஓர் எட்டு வைத்து, கதவைத் திறந்து, ஜன்னலின் ஒரு குறிப்பிட்ட ஓரத்துக்கு நேரே ஃபிலிமின் முதுகில் கோடு போடுங்கள். மறுபடி சாத்தி, அடித்து, இழுத்து, திறந்து, அதே இடத்தில் கோடு. கதவைத் திறந்துவைத்தே செய்தால் ஃபிலிமை அழுத்தும் தட்டு இல்லாமல் அது எழும்பும், சோதனையே பொய்யாகிவிடும். பத்துக் கோடு போட்டதும் ஃபிலிமை வெளியே எடுத்து அளந்தால், ஒரு ரோலைக் கழுவாமலே விஷயம் கைக்கு வந்துவிடும்.

மாட்டும்போது

ஃபிலிமின் நாக்கை ஸ்பூலில் செருகி லீவரை இழுங்கள். மேலும் கீழும் இரண்டு பக்க ஓட்டையிலும் பல் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கதவைச் சாத்துங்கள். நாக்கு அரை அகலம்தான் இருக்கும் என்பதால் ஒரு பக்கப் பல் மட்டும் மாட்டியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாத்தியதும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுங்கள். விரலுக்குத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். இனி ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் அந்தக் குமிழ் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். ஒரேயடியாகச் சுற்றாமல் சில தடவை நின்று பிறகு எகிறினால், உள்ளே தொய்வு சேர்கிறது.

அடிப்பக்கமாக ஃபிலிம் செருகும் பழைய லைக்காக்களுக்கும் அவற்றைப் பார்த்துச் செய்த சோவியத் ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களுக்கும் நாக்கை இன்னும் நீளமாக, சுமார் 10 செ.மீ. வெட்ட வேண்டும். இன்றைய ரோலின் குட்டை நாக்கோடு திணித்தால் ஃபிலிமின் முழு அகலம் ஜன்னல் ஓரத்தில் இடித்து மடியும், கிழியும். அந்தத் துணுக்கு ஷட்டருக்குள் போனால் செலவு வேறு.

கேமராவுக்குக் கேமரா பழக்கமும் மாறும். 1939-ல் வந்த அமெரிக்க ஆர்கஸ் சி3-இல் ஒரு சின்னக் கொக்கியைத் தள்ளி, திருகத் தொடங்கியதும் விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டே திருகினால் பூட்டு விழாது. ஃபிலிம் ஓடிக்கொண்டே இருக்கும். 'இந்தக் கேமரா இஷ்டத்துக்கு இடைவெளி விடுகிறது' என்று பழி சுமந்த சி3-களில் பலவும் நிரபராதிகள்.

120 ரோலில் ஓட்டையே இல்லை

35 மி.மீ.-ஐவிட அகலமான 120 ஃபிலிமில் பல் மாட்ட இடமில்லை. முதுகில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே அளப்பதற்கு வேறு வழிகள்.

பழையதும் பிழையில்லாததும் கேமராவின் முதுகில் உள்ள சிவப்பு ஜன்னல். நம் ஊர் வீடுகளில் அலமாரியில் தூங்கும் அக்ஃபா கிளிக் 3 இந்த வகை. தாளில் அச்சிட்ட எண் ஜன்னலின் நடுவில் வரும்வரை திருகினால் போதும். இடைவெளி தவற வழியில்லை. தவறினால் எண்ணைத் தாண்டிவிட்டீர்கள், அல்லது வேறு வரிசையைப் படித்திருக்கிறீர்கள். தாளில் மூன்று வரிசை எண்கள் உண்டு: 6×9 செ.மீ. படத்துக்கு 8 வரை, 6×6-க்கு 12 வரை, 6×4.5-க்கு 16 வரை. 1930-களின் சில மடிப்புக் கேமராக்களில் இரண்டு சிவப்பு ஜன்னல் இருக்கும். அவற்றில் 8 வரையுள்ள எண்ணையே முதலில் ஒரு ஜன்னலிலும் பிறகு மற்றதிலும் கொண்டுவந்து 16 படம் எடுக்க வேண்டும். தெரியாதவர் ஒரு ஜன்னலை மட்டும் பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஒரு படத்தின் இடத்தை வீணாக்குவார். இன்றைய ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தையும் உணரும். எண்ணை நிழலில் பார்த்துவிட்டு ஜன்னலை உடனே மூடுங்கள்.

தானாக நிற்கும் கேமராக்களில்தான் வம்பு. பலவற்றில் ஸ்பூல் சுற்றுவதை வைத்தே கணக்கு. 6×6 படத்துக்கு ஓர் எட்டு 60 மி.மீ.-க்குச் சற்று மேல் வேண்டும். ஸ்பூல் 15 மி.மீ. இருக்கும்போது அதற்கு ஒன்றே கால் சுற்றுக்கு மேல் தேவை. 22 ஆகிவிட்டால் ஒரு சுற்றுகூட வேண்டாம். ஆகவே படிப்படியாகக் குறைத்துச் சுற்றும்படி கேமராவுக்குள் ஒரு கணக்கை வெட்டிவைத்திருக்கிறார்கள். ஃபிலிமும் தாளும் இவ்வளவு கனம் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. இன்று போடும் ரோல் அதைவிட மெல்லிசாக இருந்தால் ஸ்பூல் எதிர்பார்த்த அளவு பருக்காது. எட்டு குறுகிக்கொண்டே போய்ப் பின்பாதியில் படங்கள் ஒட்டும். தளர்வாகச் சுற்றிக்கொண்டால் ஸ்பூல் அதிகமாகப் பருத்து, இடைவெளி விரிந்து, கடைசிப் படம் ஃபிலிமுக்கு வெளியே போய்விடும். 120 கேமராவில் மெல்லிய தண்டுள்ள 620 ஸ்பூலை டேக்-அப் பக்கம் மாட்டினாலும் முதல் எட்டிலிருந்தே கணக்கு குறையும்.

படங்கள் ஒட்டும் கேமராவுக்கு எளிய வைத்தியம் உண்டு. காலி ஸ்பூலின் தண்டில் 0.1 மி.மீ. கனமுள்ள தாளை இரண்டு சுற்று சுற்றி ஒட்டுங்கள். விட்டம் 0.4 மி.மீ. கூடும், ஒரு சுற்றுக்குச் சுமார் 1.26 மி.மீ. கூடுதலாக இழுக்கும். ரோலைத் தொடங்கும் அம்புக்குறியைக் கேமராவின் குறியைத் தாண்டிக் கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கதவைச் சாத்துவதும் இதே தத்துவம்தான், ஆனால் ரோலின் கடைசியில் இடம் போதாமல் போகலாம். 12 படத்துக்குப் பேராசைப்படாமல் 11-இல் நிறுத்துவது நல்லது. ஜெய்ஸ் ஐகானின் சூப்பர் ஐகாண்டா 532/16 புதிதாக விற்றபோதே ரோலுக்கு 11 படம்தான் கொடுத்தது.

கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் செய்த பென்டகான் சிக்ஸ் இந்தக் குறைக்கே பெயர்போனது. 1956-ல் பிராக்டிசிக்ஸாகப் பிறந்து, 1966-ல் இந்தப் பெயருக்கு மாறிய கேமரா. இதில் ஃபிலிம் உரசிச் சுற்றவைக்கும் ஓர் உருளை நீளத்தை அளக்கிறது. உரசல்தான் பிடிமானம் என்பதால் ஃபிலிம் எப்போதும் விறைப்பாக இருந்தாக வேண்டும். மாட்டும்போது கொடுக்கும் பக்கத்து ரோலைக் கட்டைவிரலால் அழுத்தித் தடைகொடுத்துக்கொண்டே அம்புக்குறி வரை ஓட்டுங்கள். லீவரை ஒரே வீச்சில் கடைசிவரை இழுத்து, விரலை எடுக்காமல் கையோடு திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். 'டக்' என்று விட்டுவிட்டால் அடுத்த எட்டு தவறும். குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று இழுப்பாகச் சுற்றும் பழக்கத்தையும் இதில் விட்டுவிடுங்கள்.

ஹாசல்பிளாட் போலத் தனி மேகசின் (ஃபிலிமை வைத்து உடம்பில் மாட்டிக் கழற்றும் பெட்டி) உள்ள கேமராவில் கண்டுபிடிப்பது சுலபம். ஃபிலிமை அளந்து நிறுத்தும் பல்சக்கரங்கள் மேகசினுக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு மேகசின்களில் ஒன்றில் மட்டும் தவறினால் உடம்பைத் தொட வேண்டாம். அந்த மேகசினை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

திறக்கலாமா?

ரீவைண்ட் பட்டன் மாட்டிக்கொண்டதும், அதைச் சுற்றி அழுக்கு சேர்ந்ததும் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊசிமுனையை நனைத்துப் பட்டனின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, முப்பது நாற்பது தடவை அழுத்தி விடுங்கள். அடித்தட்டு வரை கழற்றுவதும் பெரிய வித்தை இல்லை. ஜப்பான் கேமராவின் கூட்டல்குறித் திருகுக்கு ஜப்பான் அளவு முனையே வேண்டும், சாதாரண முனை தலையைத் தின்றுவிடும். உள்ளே கொக்கியின் அச்சு பசையாகியிருந்தால் லைட்டர் பெட்ரோல் ஒரு துளி, ஊறவிட்டுத் துடைத்து, இன்னொரு துளி. ஸ்பிரே டப்பா எண்ணெயை அடிக்காதீர்கள். அது கிளட்சுக்குள் போகும், பிறகு ஷட்டர் பிளேடுக்கும் போகும். கொக்கியின் முனை மழுங்கியிருந்தாலோ பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மாற்றுப் பாகம் வேண்டும்.

பாலியெஸ்டர் அடித்தளமுள்ள ஃபிலிமைக் கோளாறுள்ள கேமராவில் போடாதீர்கள். அசிட்டேட் அடித்தளமுள்ள ஃபிலிம் மாட்டிக்கொண்டால் அது கிழியும், கேமரா பிழைக்கும். பாலியெஸ்டர் கிழியாது, கேமராவின் பல்தான் போகும்.

கோளாறு தீரும்வரை எடுக்கும் ரோல்களை லேபில் கொடுக்கும்போது 'வெட்ட வேண்டாம், முழு நீளமாகச் சுருட்டிக் கொடுங்கள்' என்று உறைமேல் எழுதிக் கொடுங்கள். சீரான எட்டை எதிர்பார்த்து ஓட்டும் ஸ்கேனர் இரண்டு பாதிப் படங்களைச் சேர்த்து ஒரு படமாகக் கொடுத்துவிடும்; அதே கணக்கில் கத்தரியும் படத்தின் நடுவில் விழும். வீட்டில் வெட்டும்போது ஆறு ஆறாக எண்ணாமல், எங்கே தெளிவான இடைவெளி இருக்கிறதோ அங்கே வெட்டுங்கள். ஏறிக் கிடக்கும் இரண்டு படங்களை ஒரே துண்டில் விட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே அகலப் படமாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.